கடைக்குட்டிப் புரதமும் ஒரு சந்தனப் பொட்டும்

புரதம் என்ற சொல்லை அதுவரை பருப்போடும் முட்டையோடும் சேர்த்துத்தான் கேட்டிருந்தேன். சத்துணவுக் கூடத்து டீச்சர் சொல்வார். ஒரு வியாதிக்குள்ளும் புரதம் உண்டு, அதைப் பார்க்க ஒரு பெண் வருடக்கணக்கில் ஒரு அறைக்குள் அலைந்தாள், கடைசியில் அதை என் கண்ணாலேயே நானும் பார்த்தேன் என்றால் எங்கள் தெருவில் இன்றைக்கும் யாரும் நம்புவதில்லை. நம்பாவிட்டால் போகட்டும். ஐந்தாவது வரை படித்த கை. எழுத்து கோணினாலும் விஷயம் கோணாது.

கார் கம்பெனிகள் வந்து ஒரகடம் ரோடு அகலமான காலம். ஊரில் பாதிப் பேர் கம்பெனி வேலைக்குப் போனார்கள். நான் நெடுஞ்சாலையோரத்தில் ஒரு கல்லூரியில் ஆயாம்மாவாகச் சேர்ந்தேன். முதலில் கூட்டிப் பெருக்குகிற வேலை. பிறகு கை சுத்தம் என்று யாரோ சொல்லி, மாடியில் இருந்த ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ணாடிச் சாமான் கழுவ அனுப்பினார்கள். சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, பிரஷ் போட்டு, குழாய்த் தண்ணீரில் பத்துத் தரம், காய்ச்சி வடித்த தண்ணீரில் மூன்று தரம். பத்து என்றால் பத்து. வாய்க்குள்ளேயே எண்ணிக்கொள்வேன். எண்ணும்போது யாரும் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள், அது எனக்குப் பெரிய வசதி. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு நாக்கு எழாது. கூடத்துக்குத் தலைவரான பெரிய சார் எதிரே வந்தால் சுவரோடு ஒட்டி நின்று வழி விடுவேன். அங்கே நாற்காலிகள் நிறைய இருந்தன. ஒன்றிலும் நான் உட்கார்ந்ததில்லை.

அந்தக் கூடத்தில் ஒரு பெண் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோர ஊர். இருபத்தைந்து வயது இருக்கும். நான் பாப்பா என்பேன். அவள் வேக வேகமாகப் பேசுவாள், நான் தலையாட்டுவேன். எங்கள் சிநேகம் அப்படித்தான் நடந்தது.

ஒருநாள் அவள் சுவரில் ஒரு படம் ஒட்டினாள். உருண்டையாக, முள்ளில்லாத பலாப்பிஞ்சு மாதிரி ஒன்று.

"இது இன்னா பாப்பா?" என்றேன். அன்றைக்கு எப்படியோ கேட்டுவிட்டேன்.

"மஞ்சக்காமாலக் கிருமி ஆயாம்மா. தண்ணில வருமே, அது. ஹெபடைட்டிஸ் ஈ."

கையில் இருந்த குடுவையை அப்படியே மேடையில் வைத்துவிட்டேன்.

அந்த வியாதியை எனக்குத் தெரியும். இரண்டு வருடம் முன்னால் எங்கள் தெருவுக்கு வந்துவிட்டுப் போயிருந்தது. வரிசையாகக் கட்டி வாடகைக்கு விட்ட ரூம்களில் தெற்கத்திப் பையன்கள், ஒரு ரூமுக்கு ஐந்தாறு பேர். மூன்று ஷிப்டும் மாறி மாறிப் படுப்பதால் பாய் சூடு ஆறாது. மழை முடிந்த மாதம் ஒருவனுக்குக் கண் மஞ்சளாச்சு. பிறகு அடுத்த ரூமில் இரண்டு பேர், எதிர் வரிசையில் நாலு பேர். கீழாநெல்லியை அரைத்து மோரில் கலக்கிக் கொடுத்தோம். குழாயில் சாக்கடை கலந்திருக்கிறது, காய்ச்சிக் குடியுங்கள் என்றார் டாக்டர். பையன்கள் மூன்று நாலு வாரத்தில் எழுந்து ஓ.டி. பார்க்கப் போய்விட்டார்கள். பின் போர்ஷனில் ஒரு டிரைவரின் மனைவி இருந்தாள், ஏழு மாதம். அவளுக்கும் அதே மஞ்சள்தான். அவள் எழவில்லை. வயிற்றில் இருந்ததும் அவளோடு போயிற்று.

அதைப் பாப்பாவிடம் சொன்னேன். அத்தனை நீளமாக நான் அங்கே பேசியது அதுதான் முதல் தடவை. "ஆம்பளப் பசங்க எய்ந்துக்கினாங்க, அவ ஏன் எய்ந்துக்கல?" என்று கேட்டேன்.

"கர்ப்பமா இருந்தா இந்த வியாதி பொல்லாதது. ஏன்னு யாருக்கும் சரியாத் தெரியல ஆயாம்மா. எனக்கும் தெரியல. நான் அதுல ஒரு சின்னத் துண்டத்தான் பாக்கேன்" என்றாள்.

அந்தச் சின்னத் துண்டைத் துடைக்கிற காகிதத்தில் மூன்று கோடு போட்டுக் காட்டினாள். கிருமிக்குள் மூன்று குறிப்பு எழுதியிருக்கிறதாம், சமையல் குறிப்பு மாதிரி. முதல் குறிப்பு நீளமானது. தன்னைப் போல இன்னும் பல படிகளை எடுக்கிற புரதத்துக்கு உண்டானது. இரண்டாவது, அந்தப் பலாப்பிஞ்சின் மேல்தோலுக்கு. மூன்றாவது துக்குணூண்டு.

"கடக்குட்டி" என்றேன்.

"கடக்குட்டியேதான்! அதுக்கு என்ன சோலின்னு தெரியல. கிருமியோட தோலும் அது இல்ல, படி எடுக்கதும் அது இல்ல. ஆனா சும்மா ஒண்ண எதுக்குச் சொமக்கணும்?"

எனக்கு உடனே எங்கள் தெருப் பையன்கள் கேலி பண்ணுகிற ஒரு ஆள் ஞாபகத்துக்கு வந்தான். "கம்பெனில ஒர்த்தன் கீறானாம் பாப்பா. அவனுக்கு மிஷினும் கெடயாது, லைனும் கெடயாது. கைல ஒரு சீட்ட வெச்சிக்கினு சுத்தினே இருப்பானாம். அவன் லீவு போட்டா ஒரு வண்டி கேட்டத் தாண்டாதாம்."

"கேட் பாஸ் எழுதுத ஆளா?" என்று சிரித்தாள். "இருக்கட்டும், உங்க கட்சி அது. என் கட்சி என்னன்னா, அது செல்லுக்குள்ள எங்க போய் நிக்குன்னு முதல்ல பாக்கணும். நிக்க இடம் தெரிஞ்சா செய்யுற சோலி தெரியும்."

பார்ப்பது எப்படி? கிருமியை அங்கே கொண்டுவரவே மாட்டார்கள். அந்தக் கடைக்குட்டிக் குறிப்பை மட்டும் எடுத்து, அதன் வாலில் ஒரு பச்சை விளக்குக் குறிப்பை ஒட்டி, கல்லீரல் செல்லுக்குள் விடுவாளாம். செல்லு அதைப் படித்துப் புரதம் செய்யும். அது போகிற இடமெல்லாம் விளக்கும் கூடப் போகும். அந்த விளக்கு எங்கே கிடைத்தது என்றால், கடலில் குடை மாதிரி மிதக்கும் சொறிமீனிடமிருந்து. "எங்க ஊருக் கடல்ல கால் வச்சா அரிக்கும்லா, அந்தச் சொறியோட சொந்தக்காரன் ஒருத்தன் கிட்ட இருந்து" என்றாள். மற்ற தேசத்தில் சிலர் கொஞ்சம் பார்த்திருக்கிறார்களாம். தன் கையால் செய்து, தன் கண்ணால் பார்த்து, அதற்கு மேலே போக வேண்டும் என்பது அவள் ஆசை.

அந்தச் செல்லுகளை அவள் பிள்ளைகள் என்றுதான் சொல்வாள். தட்டையான புட்டிகளில், ரோஸ்மில்க் நிறத் தண்ணீருக்கு அடியில், கண்ணுக்குத் தெரியாமல் ஒட்டிக்கொண்டு வளரும். அவற்றுக்கு ஒரு பெட்டி. நம் உடம்பின் சூடு எவ்வளவோ அவ்வளவு சூடு, அடியில் ஒரு தண்ணீர்த் தட்டு, எப்போதும் ஈரம். காலையில் வந்ததும் பையைக்கூட இறக்காமல் "பிள்ளைகளப் பாத்துட்டு வாரேன்" என்று ஓடுவாள்.

பச்சை விளக்கைப் பார்க்கிற மைக்ராஸ்கோப் எங்களிடம் இல்லை. நகரத்தில் ஒரு பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் கெஞ்சிக் கேட்டு, பொங்கல் கழித்து ஒரு நாள், ஒரே ஒரு பகல், கொடுத்திருந்தார்கள். அன்றைக்குப் படம் எடுக்காவிட்டால் இந்தப் புரதத்தை விட்டுவிட்டு வேறு தலைப்புக்கு மாற வேண்டும் என்று பெரிய சார் கறாராகச் சொல்லிவிட்டார். மூன்று வருட உழைப்பு. பாப்பா காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டாள். நான் வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டேன்.

ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கம் அன்றைக்குப் பார்க்க வேண்டும். கம்பெனி பஸ்ஸுக்கெல்லாம் வாழைக்கன்று, போர்க்லிப்டுக்கு மாலை, லாரிச் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம். எங்கள் கூடத்திலும் பெரிய சார் அனுமதித்தார். மிஷின்களுக்கு வெளிப்பக்கம் மட்டும் சந்தனம் குங்குமம் வைக்கலாம், உள்ளே எதையும் தொடக்கூடாது. எல்லோரும் பொரியும் சுண்டலும் தின்னக் கீழே போனார்கள். நான் பூசைத் தட்டை ஒழிக்கப் பின்தங்கினேன்.

வெளியே வைத்த பொட்டு இரும்புக்கு. உள்ளே இருக்கிற பிள்ளைகளுக்கு யார் வைப்பார்கள்?

என் புத்தியில் அப்படித்தான் தோன்றியது. வீட்டில் நானே இழைத்துக் கொண்டுபோன சந்தனம் விரலில் இருந்தது. பெட்டியைத் திறந்தேன். புட்டி எதையும் தொடவில்லை. அடித்தட்டின் கீழ்ப்பக்கம், தண்ணீர்த் தட்டுக்கு நேர் மேலே, யார் கண்ணிலும் படாத இடத்தில் ஒரு பொட்டு வைத்தேன். நடுவில் குங்குமம். "நல்லா வளருங்கடா" என்று சொல்லி மூடிவிட்டேன்.

ஐப்பசி பிறந்ததும் பிள்ளைகள் சாகத் தொடங்கின.

முதல் தடவை பாப்பா தன்னைத் திட்டிக்கொண்டாள். இரண்டாம் தடவை புது மருந்து வரவழைத்தார்கள். மூன்றாம் தடவை என்னை மைக்ராஸ்கோப்புப் பக்கம் கூப்பிட்டு, "பாருங்க ஆயாம்மா, பஞ்சு மாதிரி மிதக்கு. பூஞ்சக்காளான்" என்றாள். சின்ன மைக்ராஸ்கோப், நின்றபடியே குனிந்து பார்த்தேன். நூல் நூலாகக் கிடந்தது. ரோஸ்மில்க் தண்ணீர் கலங்கி மஞ்சளடித்திருந்தது. அந்த மஞ்சளைப் பார்த்ததும் எனக்குப் பின் போர்ஷன்காரியின் கண்தான் நினைவு வந்தது.

பெரிய சார் ஒருநாள் கழுவுதொட்டிப் பக்கம் வந்தார். "மூணு வாட்டி அலசறீங்களாம்மா?"

"சரிங்க" என்றேன். கேட்டது என்ன, சொன்னது என்ன! பத்தும் மூன்றும் பதின்மூன்று தரம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. அன்றைக்கு முழுக்க அழுகையை அடக்கிக்கொண்டு, கழுவி வைத்த அத்தனை சாமானையும் முதலிலிருந்து கழுவினேன். பாப்பா பெட்டியின் சுவரெல்லாம், தட்டுகளின் மேலெல்லாம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்தாள். அடித்தட்டின் கீழே யார் குனிந்து பார்ப்பார்கள்? பாவி எனக்கும் அந்தப் பொட்டு நினைவில்லை.

கார்த்திகை மாதம், அடைமழை விட்ட ஒரு காலை. எங்கள் வீட்டில் ஒரு தையல் மிஷின் உண்டு. மழையில் பத்துப் பதினைந்து நாள் தொடவில்லை. தையல் விட்ட ஜாக்கெட்டைத் தைக்க மூடியை எடுத்தேன். ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனம் அப்படியே இருந்தது. அதன் மேல் சாம்பல் நிறத்தில் பூனை முடி மாதிரி ஏதோ முளைத்திருந்தது. உற்றுப் பார்த்தேன்.

நூல் நூலாக.

"ஐயோ" என்றேன். ஜாக்கெட் கையிலிருந்து எங்கே விழுந்ததோ.

செருப்பைக் கூட மாற்றிப் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு ஓடினேன். கம்பெனி பஸ் ஒவ்வொன்றாகப் போகிறது, ஒருத்தன் ஏற்ற மாட்டான். ஷேர் ஆட்டோவில் பத்துப் பேருக்கு மேலே நான் ஒருத்தி. தண்டலம் தாண்டுகிற வரை டிரைவரின் முதுகைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "இன்னாம்மா, பிரசவமா?" என்றான். "கிட்டத்தட்ட" என்றேன். ஆட்டோவே சிரித்தது. அந்த அவசரத்தில் அந்நிய மனிதனுக்கு எப்படிப் பதில் சொன்னேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

மாடி ஏறினால், பாப்பா பெரிய சாரோடு நிற்கிறாள். வழக்கமாக நான் சுவரோடு ஒட்டுகிற இடம் அது. ஒட்டினேன். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவர்கள் பேசிக்கொண்டே போகப் பார்த்தார்கள்.

"பாப்பா! நாந்தான். நாந்தான் சாவடிச்சேன் உன் புள்ளைங்கள."

இரண்டு பேரும் திரும்பினார்கள்.

"பூசைக்குப் பொட்டிக்குள்ற சந்தனம் வெச்சேன். கீய, அடித்தட்டுக்குக் கீய. அது முளைக்குது. எங்கூட்டு மிஷின்ல முளைச்சிருக்கு, பாத்துட்டு ஓடியாறேன்."

பெரிய சார் பெட்டியைத் திறந்து, தரையில் மண்டி போட்டு, டார்ச் அடித்தார். தட்டை உருவி எங்கள் முன்னால் கவிழ்த்துப் பிடித்தார். சாம்பல் முடி முளைத்த வட்டம். நடுவில் குங்குமச் சிவப்பு மட்டும் பாக்கி.

"தண்ணிய சந்தேகப்பட்டேன். மருந்த சந்தேகப்பட்டேன். உங்க கையக்கூட சந்தேகப்பட்டேன்" என்றார் அவர். "சாமிய மட்டும் சந்தேகப்படல."

சிரிக்கிறாரா கோபமா என்று எனக்குப் புரியவில்லை. பாப்பா சிரிக்கவில்லை. முகம் சிவந்து நின்றாள்.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா ஆயாம்மா?"

"கேட்டா வேணாம்னுவியே."

"வேணாம்னுதான் சொல்லியிருப்பேன்!" என்று கத்தினாள். கத்தியவள் அப்படியே சிரித்து, சிரித்தவள் அழுது, மூக்கைக் கோட்டுக் கையில் துடைத்தாள். அன்று சாயந்தரம் வரைக்கும் என்னோடு பேசவில்லை. நானும் பேசச் சொல்லவில்லை. பெட்டியைப் பாகம் பாகமாகக் கழற்றிக் கொடுத்தார்கள், நான் தேய்த்தேன், அவர்கள் பெரிய குக்கர் மாதிரி ஒன்றில் வைத்து அவித்தார்கள். போகும்போது பாப்பா வாசலில் நின்று, "நாளைக்குச் சீக்கிரம் வாங்க. ஒரே ஒரு குப்பி மிச்சம் இருக்கு" என்றாள்.

மறுநாள் புகை கக்குகிற ஒரு டிரம்மிலிருந்து அந்தக் குப்பியை எடுத்தாள். பனிக்கட்டிக்கும் மேலான குளிரில் தூங்க வைத்திருந்த செல்லுகளாம். கடைசிக் குப்பி. இது போனால் வேறு வாங்கி வளர்க்கத் தேதிக்குள் முடியாது. தண்ணீரில் ஆட்டி எழுப்பி, புட்டியில் விட்டு, புதுசாக மினுங்கிய பெட்டியில் வைத்தாள்.

அந்த வாரம் நான் பட்ட பாடு! கழுவுவேன், வந்து கதவருகே நிற்பேன். "ஒட்டிக்கினாங்களா?"

"இன்னும் இல்ல. போங்க, போய்க் கழுவுங்க."

மறுபடி நிற்பேன். மூன்றாம் நாள் உள்ளேயிருந்து ஓடி வந்தாள். "ஒட்டிட்டு! எல்லாம் ஒட்டிட்டு ஆயாம்மா, காலப் பரப்பிக்கிட்டு உக்காந்திருக்கு!" இரண்டு பேரும் ஈரக் கையோடு கையைப் பிடித்துக் குதித்தோம். ஐம்பத்தைந்து வயதில் குதித்தேன். பெரிய சார் பார்த்துவிட்டார். பார்க்கட்டுமே.

மார்கழியெல்லாம் பிள்ளைகள் பெருகின. பொங்கல் கழிந்ததும் பச்சை விளக்குக் குறிப்பை உள்ளே விட்டாள். இரண்டு நாள் வைத்திருந்து, செல்லுகளைக் கண்ணாடித் துண்டோடு மருந்தில் அசையாமல் நிறுத்தி, வெளிச்சம் படாமல் அலுமினியத் தாள் சுற்றி, ஐஸ் போட்ட பெட்டியில் அடுக்கினாள். கல்லூரி வேனில் நகரத்துக்குப் போக வேண்டும். "பெட்டி சாயக் கூடாது. உங்க கைன்னா ஆடாது. நீங்க மடில வச்சுக்கிடுங்க" என்றாள். அப்படித்தான் நான் அங்கே போனேன். பெங்களூர் ரோட்டில் லாரிகளுக்கு நடுவே வேன் குலுங்கக் குலுங்க, சாமி விக்கிரகம் மாதிரி பெட்டியைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பட்டப்பகலில் அந்த அறை கும்மிருட்டு, வாசலில் கறுப்புத் திரை. பாப்பா கண்ணை வைத்துத் திருகினாள். "பச்சை!" என்றாள்.

"வந்துட்ச்சா?"

"இது இல்ல ஆயாம்மா. இது வெறும் விளக்கு. புரதம் ஒட்டாத விளக்கு. ஒத்துப் பாக்கதுக்கு." எனக்கும் காட்டினாள். செல்லு முழுக்கப் பச்சை, கிண்ணத்தில் வழித்த துவையல் மாதிரி ஒரே சீராக.

அடுத்த கண்ணாடி. திருகினாள். நகர்த்தினாள். எல்லாச் செல்லும் குறிப்பை வாங்கிக்கொள்ளாதாம், வாங்கிக்கொண்டதைத் தேட வேண்டும். தேடினாள். பக்கத்தில் இருந்த நிலையத்துப் பெண் கடிகாரத்தைப் பார்த்தாள். முருகா, சந்தனம் இனிமே உனக்கு மட்டும்தான், என்று வேண்டினேன்.

பாப்பாவின் தோள் அசையாமல் நின்றது.

"உக்காருங்க" என்றாள்.

"நா நின்னுக்கினே…"

"உக்காருங்க ஆயாம்மா!"

அவள் எழுந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். குனிந்தேன். இருட்டு. இருட்டுக்குள் ஒரு நீல உருண்டை. அது செல்லின் நடு என்று பின்னால் சொன்னாள். அதைச் சுற்றிப் பச்சை. துவையல் இல்லை. நூல்! மெல்லிசு மெல்லிசாக, நடுவிலிருந்து விளிம்பு வரைக்கும் ஓடுகிற நூல்கள். மண் போக அலசிய கொத்தமல்லி வேருக்குள் விளக்கு ஏற்றியது போல. செல்லுக்குள் சாமான் போய்வரத் தண்டவாளம் மாதிரி நூல்கள் உண்டு என்று பாப்பா சொல்லியிருந்தாள். அவற்றைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான் கடைக்குட்டி.

"கீறான்!" என்று கத்திவிட்டேன். "உள்ள கீறான் பாப்பா! ரோட்டப் புட்ச்சிக்கினு நிக்கிறான்!"

திரைக்கு வெளியே யாரோ ஓடி வந்து, "என்ன ஆச்சு?" என்றார்கள். பாப்பா என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். பிறகு படம் படமாக எடுத்தாள்.

பல வருடம் கழித்து, வெளிதேசத்திலிருந்து போன் பண்ணினாள். அந்தக் கடைக்குட்டி இல்லாவிட்டால் கிருமி செல்லை விட்டுச் சரியாக வெளியே வர முடியாது என்று வேறு வேறு இடங்களில் கண்டுபிடித்துவிட்டார்களாம். "உங்க கேட் பாஸ்காரன்தான் ஆயாம்மா! உங்க கட்சி ஜெயிச்சிட்டு!" என்று கத்தினாள். பின் போர்ஷன்காரி ஏன் எழவில்லை என்று மறுபடி கேட்டேன். அதற்கு இன்னும் முழுசாகப் பதில் இல்லை, தேடுகிறார்கள் என்றாள்.

அன்றைக்கு இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது. வேன் திரும்பி வந்துகொண்டிருந்தது. பாப்பா ஜன்னலில் தலை சாய்த்து வாய் ஓயாமல் பேசினாள். நான் பெட்டியை மடியில் நேராகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"படம் எடுத்தாச்சு ஆயாம்மா. இனிமே சாஞ்சாலும் ஒண்ணுமில்ல. கீழ வைங்க."

"இருக்கட்டும்" என்றேன். ஸ்ரீபெரும்புதூர் வருகிற வரை சாய்க்கவில்லை.